இவரை எனக்குத் தெரியும்

என் மகளைத் தெரியும் என்று சொல்ல மூன்று பேர் வேண்டியிருந்தது. கோயமுத்தூரில் பிறந்து, கோயமுத்தூரிலேயே படித்து, ஒரு கல்யாணத்துக்குப் போனால் மண்டபம் முழுக்க "வா கண்ணு" என்று கூப்பிடும் பெண்ணுக்கு மூன்று பேர் கிடைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லார் மேலும்தான்.

மூன்று பேர் எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். சுருக்கமாகவே சொல்கிறேன். அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் புழங்கும் பெரிய தளம் ஒன்றில் யாரோ அவள் பெயரிலும் படத்திலும் ஒரு கணக்கைத் தொடங்கினார்கள். அதிலிருந்து எங்கள் உறவினர்களுக்கு அசிங்கமான செய்திகள் போயின. முதலில் என்னைக் கூப்பிட்டவர் என் சித்தி. "ஏங்கண்ணு, புள்ளையக் கொஞ்சம் கவனிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட "இது உம் புள்ளையா இருக்காது" என்று சொல்லவில்லை. தளத்துக்குப் புகார் அனுப்பினோம். விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்று இயந்திரம் பதில் போட்டது. போலீசில் எழுதிக் கொடுத்த பிறகு கணக்கு மறைந்தது. வேறொரு பெயரில் வந்தது. மறுபடி மறைந்தது.

அந்தப் படம் என் கொழுந்தனார் வீட்டுச் சீர் விசேஷத்தில் எடுத்தது. உறவினரை நாங்கள் ஒறம்பரை என்போம். எங்கள் ஒறம்பரைக் குழுவில் மட்டுமே போட்ட படம் அது, வேறெங்கும் போகவில்லை. மகள் பார்த்த உடனே சொல்லிவிட்டாள். விசாரித்த போலீஸ்காரரும் அதைத்தான் பிடித்தார். "அந்தக் குரூப்ல இருக்கறவங்க நம்பரையெல்லாம் குடுங்க" என்றார். வெளியே வந்ததும் என் கணவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமன் மச்சான் நம்பரையெல்லாம் ஸ்டேசன்ல குடுத்துபோட்டு, நாளைக்கு எந்த மொகத்த வெச்சுட்டு ஒரு நல்லது கெட்டதுக்குப் போறது?"

நம்பரைக் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கைத் தொடங்கியது யார் என்று இன்றுவரை தெரியாது. தெரியாததால் எல்லா விசேஷத்திலும் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறேன்.

மகள் ஒரு பருவம் கல்லூரிக்குப் போகவில்லை. போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். பிறகு மெல்ல மெல்ல, காலையில் அவள் அப்பாவோடு உக்கடம் குளத்துக்கரைக்கு நடக்கப் போக ஆரம்பித்தாள். அவருடைய பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்க் கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் படம் எடுத்தாள். படங்களை யாருக்கும் காட்டுவதில்லை. எனக்கும் காட்டுவதில்லை.

ஒரு நாள் போனைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு ஓடினேன். அவள் சிரித்தால் சந்தோஷப்படாமல் பயப்படும் அளவுக்கு நான் கெட்டுப்போயிருந்தேன்.

"என்னதுங்கம்மா இப்படி ஓடியாரீங்க? ஒரு சைட்டுங்க. புதுசு. பறவைக்காரங்க, தமிழ் ஆளுங்க கொஞ்சப் பேரு இருக்காங்க."

"இதுக்கு ஓனரு யாரு?"

"அப்படி ஒருத்தரு இல்லீங்கம்மா. ஒவ்வொரு ஊட்டையும் ஒவ்வொருத்தரு வெச்சிருக்கற மாதிரி. இந்த ஊட்டுல இருந்துட்டு அந்த ஊட்டுக்காரங்ககிட்டப் பேசிக்கலாம். ஒரு ஊட்டுல மோசமான ஆளுங்கள வெச்சிருந்தா மத்த ஊட்டுக்காரங்க கதவச் சாத்திருவாங்க."

"ஏதாச்சும் ஒண்ணுன்னா யாருகிட்டச் சொல்றது?"

"ஊட்டுக்காரருகிட்ட."

"அவரு கேக்கலீன்னா?"

"வேற ஊட்டுக்குப் போயிக்கறது."

"தலைமை ஆபீசு?"

"அம்மா!"

எனக்குத் தலை சுற்றியது. முதலாளி இருந்த இடத்திலேயே நாய்கூட நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாளியே இல்லாத இடத்தில் போய் என்ன செய்வது? ஆனால் அவள் இருந்த அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு என்றாள். புதிதாக வருபவர் படிக்கலாம், மற்றவர் போட்டதற்குக் கீழே பதில் எழுதலாம். சொந்தமாக ஒன்றும் போட முடியாது, படம் போட முடியாது, யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப முடியாது. ஏற்கெனவே இருப்பவர்களில் மூன்று பேர் அவர் பக்கத்துக்குப் போய் "இவரை எனக்குத் தெரியும்" என்ற பொத்தானை அழுத்தினால்தான் எல்லாம் திறக்கும். அதிலும் ஒருவராவது நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். அழுத்துகிறவருக்கும் பொறுப்பு உண்டு. நாளைக்கு அந்தப் புது ஆள் கோளாறு செய்தால், அழுத்தியவருக்கு அதன் பிறகு யாருக்கும் அழுத்தும் உரிமை கிடையாது.

கேட்டதும் எனக்கு முதன்முறையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது. இந்த மாதிரி ஏற்பாடு எனக்குப் புரியும். நான் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். வார்ப்பு செய்து தருகிறேன் என்று புதிதாக ஒரு பவுண்டரிக்காரர் வந்தால் அவரைத் தெரிந்தவர் யார் என்றுதான் முதலில் தேடுவோம். யாரைக் கேட்டாலும் இந்த ஊரில் ஒருவரைப் பற்றி மோசமாகச் சொல்லமாட்டார்கள். நல்லவர் என்றால் "தாராளமா குடுங்க" என்பார்கள். ஆகாதவர் என்றால் "நமக்கு அவ்வளவா பழக்கமில்லீங்க" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பவுண்டரியின் கதை முடிந்துவிடும். பெண் கேட்டு, மாப்பிள்ளை கேட்டு விசாரிப்பதும் இப்படித்தான்.

சரி, மகள் அங்கே நல்லபடியாக இருக்கட்டும். ஆனால் மூன்று பேருக்கு எங்கே போவது? அவள் தன் பெயரில் சேரவில்லை. எப்படிச் சேர்வாள்? தாழைக்கோழி என்ற பறவையின் பெயரை வைத்துக்கொண்டு, தன் முகமும் ஊரும் இல்லாமல் சேர்ந்திருந்தாள். பத்திரமாக இருக்க ஒளிந்துகொண்டாள். ஒளிந்துகொண்டதால் அவளைத் தெரியும் என்று சொல்ல ஆள் இல்லை. நாள் கணக்காக மற்றவர்களின் படங்களுக்குக் கீழே பதில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாள், "நம்ம கொளத்து நீலத் தாழைக்கோழிய இவங்க யாருமே ஒழுங்கா எடுக்கலீங்கம்மா" என்று தானாக வந்து சொன்னாள். அவள் தானாக வந்து எதையும் சொல்லிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அவள் எடுத்த படத்தை யாருக்காவது காட்ட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

நானும் சேர்ந்தேன். எதற்காகச் சேர்கிறீர்கள் என்ற கட்டத்தில் "மகளுக்காக" என்று எழுதினேன். யோசித்து யோசித்து உள்ளே விட்டார்கள். நேராக மகள் பக்கத்துக்குப் போய்ப் பொத்தானை அழுத்தினேன். "உங்களை மூவருக்குத் தெரியும் வரை, நீங்கள் தெரியும் என்று சொல்வது கணக்கில் சேராது" என்று வந்தது. பெற்றவளுக்கு இந்தப் பதில்! ஆபீசில் பக்கத்து மேசையில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன் போலிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அக்கா சாப்பிட வந்திருந்தார். நங்கை என்று கூப்பிடுவேன். அந்தக் கெட்ட நாட்களில் "நம்ம புள்ளை அப்படி இல்ல" என்று என் வீட்டுக்கே வந்து சொன்ன ஒரே ஆள். அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். நீங்கள் ஒரு ஆள், நான் ஒரு ஆள், இன்னும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

"அட, இதுக்குப் போயா வெசனப்படறே?" என்றார் நங்கை, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தபடி. "அதென்ன மூணு பேரு? முப்பது பேரக் கொண்டாந்து நிறுத்தறேன் பாரு."

"ஐயோ, வேண்டாமுங்க நங்கை. நீங்க மட்டும் போதுமுங்க."

"செரி செரி."

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்தாலோ, பஞ்சாயத்து என்று கூப்பிட்டாலோ, ஒருவர் போக மாட்டார். ரெண்டு கார் நிறைய வெள்ளை வேட்டி போகும். போய்ச் செய்வது ஒன்றுமில்லை. நின்றாலே போதும், இவருக்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நங்கை அதைத்தான் செய்தார். பொழுது சாய்வதற்குள் ஒறம்பரைக் குழுவில் போட்டுவிட்டார். நம்ம புள்ளைக்கு ஒரு சாட்சி தேவைப்படுகிறது, எல்லோரும் உடனே சேரவும், புள்ளையின் பெயர் அங்கே இன்னது என்று கீழே விவரத்தோடு.

நான் குழுவைத் திறந்தபோது பாதி ஊர் சேர்ந்திருந்தது.

"சேந்தாச்சுங்க."

"நானும் சேந்துட்டேன், மாப்பிள்ளையவும் சேத்துட்டேன்."

"ஏங்கண்ணு, மயிலு கியிலுன்னு ஒரு பேரு வெக்கறதுதான? கோழின்னா வெப்பாங்க?"

"நாட்டுக்கோழியா, பிராய்லருங்களா?"

சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. அதோடு நிற்கவில்லை. உள்ளே போனவர்கள் மகளுக்கு மட்டும் அழுத்தவில்லை. ஒருவருக்கொருவர் அழுத்திக்கொண்டார்கள். சித்தப்பா மாமாவுக்கு, மாமா சம்பந்திக்கு, சம்பந்தி சித்தப்பாவுக்கு. ஏன் என்று நங்கையைக் கேட்டேன்.

"அதெப்படி? ஒருத்தருக்கு அமுத்திபோட்டு இன்னொருத்தருக்கு அமுத்தாம உட்டா நாளைக்கு மொகத்துல முழிக்க முடியுமா? சின்ன மாமனாரு ஏற்கெனவே மொய் விசயத்துல கோவமா இருக்காரு."

பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கும் பெரியப்பா இன்னும் ஒரு படி மேலே போனார். பதில் மட்டும்தான் எழுத முடியும் என்று கண்டுகொண்டு, தன் பூனை செத்துப்போனதென்று யாரோ உருகி எழுதியதற்குக் கீழே, "வணக்கம். பவானி ஜமக்காளம் மொத்த விலையில் கிடைக்கும். கல்யாண ஆர்டர் எடுக்கப்படும்" என்று எழுதி வைத்தார்.

மறுநாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மகளுக்கும் வந்தது, எல்லோருக்கும் ஒரே கடிதம்தான். ஒரே பொழுதில், ஒரே வட்டாரத்திலிருந்து திறக்கப்பட்டு, ஒன்றையொன்று மட்டுமே தெரியும் என்று சொல்லும் கணக்குகள் இவை, போலிக் கூட்டங்கள் இப்படித்தான் வரும், விளம்பரமும் செய்யப்பட்டிருக்கிறது, ஆகவே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருக்கிறோம். யார் யாருக்கு அழுத்தினார்கள் என்று கூடவே வந்த வரைபடத்தில் அத்தனை அம்புகளும் போய்ச் சேர்ந்த நடுப்புள்ளி என் மகளின் கணக்கு. கூட்டத்தின் தலைவி என்று அவளை முடிவுகட்டியிருந்தார்கள்.

நங்கையிடம் சொன்னேன். "நம்மளப் போலின்னா சொன்னாங்க? எவன் அவன்? நம்பரக் குடு" என்றார்.

நம்பர் இல்லை என்று சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெம்பு இல்லை.

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோபாவில் உட்கார்ந்து, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "அவங்க யாரும் இல்லாத எடம்னுதானுங்கம்மா அங்க போனேன்" என்றாள்.

என் கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். "அவங்க நல்லதுக்குத்தான் சாமி..." என்று ஆரம்பித்தார்.

"அந்தப் படத்தத் திருடுனவங்களும் அதுல சேந்திருப்பாங்கதானுங்கப்பா? எனக்கு அமுத்தியும் இருப்பாங்க. 'இவரை எனக்குத் தெரியும்'னு."

அவர் எழுந்து மோட்டார் போடப் போனார். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. மேலே தண்ணீர் வழிகிற சத்தம் வெகு நேரம் கேட்டது.

எனக்கு எல்லோர் மேலும் ஆத்திரம். நங்கை மேல், பெரியப்பா மேல், அன்று ஸ்டேஷன் வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் மேல், முன்பின் அறியாத அந்த வீட்டுக்காரர் மேல். ஆத்திரத்தைத் தீர்த்துக்கொள்ள அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். இவர்கள் போலி அல்ல, அசலான ஒறம்பரை, அதுதான் பிரச்சினை என்றேன். கூடவே அறிவுரையும் சொன்னேன். எங்கள் கம்பெனியில் வெறும் சிபாரிசை நம்பி ஒரு பவுண்டரியைச் சேர்ப்பதில்லை. முதலில் சாம்பிள் வாங்குவோம், பிறகு சின்னதாக ஒரு டிரையல் ஆர்டர் கொடுப்போம், சரக்கை அறுத்துப் பார்ப்போம், போய் அவர் ஷெட்டையும் பார்ப்போம், அதற்குப் பிறகுதான் பெரிய ஆர்டர். புதிதாக வரும் பெண்ணிடம் ஆள் எங்கே என்று கேட்காமல், அவள் செய்கிற வேலையைப் பார்த்து நம்பக்கூடாதா?

பதில் சுருக்கமாக வந்தது. "அம்மா, விதிகளின் இரண்டாம் பக்கத்தில் இதுதான் எழுதியிருக்கிறது. பதில்கள் எழுத விட்டிருப்பதே அதற்காகத்தான். நீங்கள் படிக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் மகளின் பதில்களைப் பார்த்தோம். அவரை வேறு பெயரில் வரச் சொல்லுங்கள். அந்தப் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம்."

அடுத்த வரி தனியாக இருந்தது. "உங்களிடமும்."

நான் அந்தக் கடிதத்தை மகளிடம் காட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு பாத்திரத்தை ஓங்கி வைத்தேன்.

அதன் பிறகு நடந்ததை அவள் சொன்ன அளவில்தான் அறிவேன். புதிய பெயரில் பதில் எழுத ஆரம்பித்தாள். சத்தியமங்கலத்தில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெண் ஒரு குளத்துப் பறவையைப் படம் எடுத்துப் போட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் ஆளுக்கொன்று சொல்ல, இவள் அது நீளவால் இலைக்கோழி, குளிர்காலத்தில் அந்த வால் இருக்காது, கழுத்தில் உள்ள கோட்டைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறாள். சரியாக இருந்திருக்கிறது. இந்த மாதிரி பல. யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு பறவைப் பைத்தியம் முதலில் அழுத்தியது. வீட்டுக்காரரே இரண்டாவதாக அழுத்தினார். மூன்றாவது ஆள் நேரில் பார்த்தவராக இருக்க வேண்டுமே. சத்தியமங்கலத்துப் பெண், தான் கோயமுத்தூர் வருவதாகவும் உக்கடம் குளத்துக்கரையில் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்.

"யாருன்னே தெரியாது. எந்த ஊரு, யாரு ஊட்டுப் புள்ளை?" என்றேன்.

"தெரிஞ்சவங்கதானுங்கம்மா அதப் பண்ணுனது."

ஆபீசில் சத்தியமங்கலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய் உங்கள் ஊரில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் பொம்பளையைத் தெரியுமா என்று கேட்டேன். பேர் கேட்டார். பேர் தெரியாது என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நமக்கு அந்தப் பக்கம் அவ்வளவா பழக்கமில்லீங்க" என்றார். பாதி வேலையை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய், "உண்மையிலேயே பழக்கமில்லீங்களா, இல்ல அந்தப் பழக்கமில்லீங்களா?" என்று கேட்டேன். "ஏனுங்க மேடம், ஒடம்புக்கு ஏதும் பண்ணுதுங்களா?" என்றார் அவர்.

ஞாயிறு காலை மகளோடு கிளம்பினேன். கூட வரக்கூடாது என்றாள். வருவேன் என்றேன். கண்ணுக்குத் தெரியக்கூடாது என்றாள். ஒப்புக்கொண்டேன். அவள் கரையில் நடந்து போனாள். நான் இந்தப் பக்கம் ஒரு டீக்கடை நிழலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தூரத்தில், கேமரா தொங்க, குடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் மகள் போய் நின்றாள். இருவரும் குளத்தைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒரே திசையில் கையை நீட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒரு ஆள். முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை. நான் பார்க்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார். போலீசைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தேன். அதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, நீங்க யாரப் பாத்துட்டு இருக்கறீங்க?"

"நீங்க யாரப் பாக்கறீங்க?"

"எந் தங்கச்சிங்க. கொடை வெச்சிருக்குதே, அதானுங்க. நெட்டுல யாரோ பழக்கமாமா. பாக்கப் போறேன்னுச்சு. தனியா உடறதுக்கு நமக்கு மனசு வருலீங்க. நாடு கெடக்கற கெடைக்கு யாரு என்னன்னு..."

"அது எம் புள்ளைங்க. கேமரா வெச்சிருக்கறது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் பார்த்தேன். "ஓ," என்றார். "அப்ப நீங்கதானுங்களா அது." எது என்று நான் கேட்கவில்லை. ஜமக்காளக் கதையை மகள் அவர் தங்கையிடம் சொல்லியிருப்பாள்.

ரெண்டு டீ சொன்னார். என் மகளைப் பற்றி அவருக்கு இருந்த பயமும் அவர் தங்கையைப் பற்றி எனக்கு இருந்த பயமும் ஒரே அளவு என்று தெரிந்ததில் எனக்கு ஆறுதலுக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. என் பெண்ணைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது?

டீ வந்தது. கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, வேறு பேச்சு இல்லாததால், அவர் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"கோயமுத்தூருங்க."

"அது செரிங்க. சொந்த ஊரு?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஊரைச் சொன்னால் அடுத்து யார் வீடு என்பார். அதைச் சொன்னால் பவானியில் இன்னாரைத் தெரியுமா என்பார். கடைசியில் எங்காவது ஒரு சித்தப்பாவில் போய் முட்டும். அவருக்கும் ஒரு ஒறம்பரைக் குழு இருக்கும். இன்றைக்குப் பொழுதுக்குள் "நம்ம இன்னார் ஊட்டுப் புள்ளையாமா அது" என்று அதில் வரும். கேள்வியில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அந்தப் படத்தைக் குழுவில் போட்டவரிடமும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது.

"சொந்த ஊரும் கோயமுத்தூருதானுங்க."

"அதுக்கு முன்னால?"

"அதுக்கு முன்னாலயும் இதேதானுங்க."

பிறந்ததிலிருந்து நான் யாருக்கும் அப்படிப் பதில் சொன்னதில்லை. அவர் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்தார். ஊர் இல்லாத ஆளை அவர் முதன்முதலாகப் பார்க்கிறார். திருட்டு ஆள் என்றே முடிவுகட்டியிருப்பார். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் ஊரைச் சொல்லவில்லை. பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அதன் பிறகு நாங்கள் இருவரும் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

திரும்பி வரும் வழியில் மகள் பின்னால் உட்கார்ந்து, "என்னம்மா சொன்னீங்க அவங்க அண்ணங்கிட்ட? ஒரு மாதிரி பாத்துட்டே போறாரு" என்றாள். ஊரைக் கேட்டார், சொல்லவில்லை என்றேன். டவுன்ஹால் சிக்னலில் நிற்கும்போது அவள் கை என் தோளில் இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை.

அன்று மத்தியானமே மூன்றாவது பொத்தானும் அழுத்தப்பட்டுவிட்டது. அவளுடைய தாழைக்கோழிப் படம் இப்போது அங்கே இருக்கிறது என்று சொல்கிறாள். எந்தப் பெயரில் என்று எனக்குத் தெரியாது. அங்கே தாழைக்கோழிப் படங்கள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கிறேன். ஒன்று அவளுடையதாக இருக்கும். கீழே யாராவது நன்றாக எழுதியிருந்தால் நிம்மதியாக இருக்கிறது. ஒருவர் குதர்க்கமாக ஏதோ எழுதியிருந்ததைப் பார்த்து நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அது யாரோ ஒரு பாலக்காட்டுக்காரர் எடுத்த படமாம்.

ஒறம்பரை எல்லோரும் அந்த வீட்டை மறந்துவிட்டார்கள். என் கணக்கை மட்டும் ஒரு கடிதம் எழுதித் திரும்பத் திறக்கவைத்தேன். ஆனால் எனக்கு இன்னும் மூன்று பேர் இல்லை. மகளிடம் கேட்டேன்.

"ஒரே ஒரு அமுத்து கண்ணு. நேருல பாத்தவ வேற."

"நான் அமுத்துனா எம் பேரு உங்களுக்குத் தெரிஞ்சுபோயிருமுங்கம்மா. மொதல்ல நாலு பேருகிட்ட ஒழுங்காப் பேசுங்க. பாத்துட்டு அப்பறம் சொல்றேன்."

பெற்றவளுக்கு டிரையல் ஆர்டர். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். எனக்குத் தெரிந்தது மோட்டார்தான். ஒருவர் தன் போர்வெல் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தார். கெப்பாசிட்டரைப் பாருங்கள், கேபிள் ஜாயிண்டைப் பாருங்கள் என்று விவரமாக எழுதினேன். எழுதும்போது, மாதக்கணக்கில் முதன்முறையாக, கையில் போன் இருந்தும் எனக்குப் பயம் வரவில்லை. அவர் நன்றி சொல்லியிருந்தார்.

சாயங்காலம் மகளிடம் காட்டினேன். விரலால் தள்ளித் தள்ளிப் படித்தாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்கறீங்க. கடைசில என்ன இது, 'உங்களுக்கு எந்த ஊருங்க'?"

"ஊரு தெரியாம வோல்டேஜ் எப்படி இருக்குதுன்னு எப்படிடி தெரியும்? தண்ணி எத்தன அடியிலன்னு எப்படித் தெரியும்?"

"எடுங்கம்மா அத."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொழில் தெரிந்த யாரும் முதலில் கேட்கும் கேள்வி அது. அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எடுத்துவிட்டேன்.